தொழிற்பயிற்சிக்கு ஜித்ரா வரும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஜித்ரா வட்டாரத்திற்கு மாணவர் வருகை புதிதல்ல. 1984இல் தொடங்கப்பட்ட மலேசிய உத்தாரா பல்கலைக்கழகம் (யுயுஎம்) முதலில் ஜித்ராவுக்கு அருகில் தற்காலிக வளாகத்தில்தான் இயங்கியது. 1990இல் சிந்தோக்கிற்கு மாறியது. தமிழகத்திலிருந்து உங்கள் உறவுக்காரப் பிள்ளை இங்கே பயிற்சிக்கு வருவதாக இருந்தால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே இக்குறிப்புகளை அனுப்பி வையுங்கள்.

அனுமதி

இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கும் சலுகை 2026 டிசம்பர் 31 வரை உள்ளது. அது சுற்றுலா, உறவினரைப் பார்ப்பது போன்ற வருகைகளுக்கே, தொழிற்பயிற்சிக்குச் செல்லாது. பயிற்சி தரும் பல்கலைக்கழகமோ நிறுவனமோ முன்கூட்டியே தனி அனுமதி பெற வேண்டும். “முதலில் வந்து சேர், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பிடிபட்டால் பயிற்சியோடு, மறுபடியும் இந்நாட்டிற்கு வரும் வாய்ப்பும் பறிபோகலாம். மலேசியா வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் மின்னியல் வருகை அட்டையைக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.

வந்து சேர

ஜித்ராவில் ரயில் நிலையம் இல்லை. கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் அலோர்ஸ்டாரில் இறங்கி, அங்கிருந்து பேருந்திலோ கிரேப் காரிலோ வரலாம். அலோர்ஸ்டார் விமான நிலையமும் ஜித்ராவுக்குப் பக்கம்தான்.

வெள்ளி, சனி விடுமுறை

கெடாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வங்கிகளுக்கும் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. ஞாயிறு வேலை நாள். புதியவர்கள் பலர் தடுமாறுவது இதில்தான். தைப்பூச விடுமுறையை மாநில அரசு தனியாக அறிவிப்பது வழக்கம், 2021இல் அறிவிக்கவில்லை. எனவே காவடி எடுக்க நினைப்பவர் அலுவலகத்தில் முன்னரே விடுப்புச் சொல்லி வைப்பது நல்லது.

செலவும் உடல்நலமும்

அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். காப்புறுதி இல்லாமல் வர வேண்டாம். மின்செருகி இங்கே சதுர முள் மூன்று கொண்டது. இந்தியச் செருகி பொருந்தாது. நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னே. அவசர எண் 999.

பழகும் முறை

வீட்டிற்குள் காலணியோடு நுழையக் கூடாது. மலாய்க்காரர்களிடம் எதையும் வலக்கையால் கொடுங்கள். ஆள்காட்டி விரலால் சுட்டாமல் கட்டைவிரலால் காட்டுங்கள். மூத்தவர்களைப் ‘பாக்சிக்’, ‘மாக்சிக்’ என்று அழைக்கலாம். நோன்பு மாதத்தில் நோன்பிருக்கும் சக ஊழியர் முன் சாப்பிடாமல் இருப்பது மரியாதை.

நம் தமிழ்

ரிங்கிட்டை நாம் ‘வெள்ளி’ என்போம். “பசியாறியாச்சா?” என்றால் காலை உணவு ஆயிற்றா என்று பொருள். ‘தாபாவ்’ என்றால் பொட்டலம் கட்டி எடுத்துப் போவது. ‘தே ஓ’ பால் சேர்க்காத தேநீர்.

“உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டால் ஜித்ரா, சுங்கைப்பட்டாணி என்றே பதில் வரும். மூன்று, நான்கு தலைமுறையாக இதுவே எங்கள் ஊர். சாதி விசாரிப்பதையும் தவிர்த்துவிடலாம்.

விடுமுறையில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ராஜேந்திர சோழன் படை 1025இல் வந்த கடாரத்தை அவர்கள் பாடத்தில் படித்திருப்பார்கள். அந்த மண்ணை நேரில் பார்த்துவிட்டுப் போகட்டும்.