உத்திரமேரூர் ஏரி பற்றி எஃப்.எம்-ல் விவாதம் நடத்த முடியுமா? ரேடியோ பேச்சுக்கு உள்ள ரூல்ஸ் என்ன?

2023 ஜனவரி 29 அன்று பிரதமர் மோடியின் ‘மனதின் குரல்’ வானொலி நிகழ்ச்சியின் 97-வது பகுதி ஒலிபரப்பானது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரின் பெயரும் அதில் ஒலித்தது. கிராம சபை எப்படி நடக்க வேண்டும், உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்த ஊர் என்று அதில் பேசினார்.

சரி, அதே உத்திரமேரூர் பக்கம் ஒரு உள்ளூர் ரேடியோ தொடங்கி, “ஏரி மதகை ஏன் இன்னும் சரி பண்ணல?” என ஊராட்சித் தலைவரையும், தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவரையும் நேருக்கு நேர் பேச வைக்க முடியுமா? விதிப்படி அது சிக்கல்தான். ஏன்? பார்க்கலாம்.

யாருக்கு அனுமதி உண்டு?

இந்தியாவில் ரேடியோவில் சொந்தமாகச் செய்தியும் நடப்பு நிகழ்வு விவாதமும் தருவது அகில இந்திய வானொலி மட்டும்தான். தனியார் எஃப்.எம். நிலையங்கள் வானொலியின் செய்தி அறிக்கையை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது.

2011-ல் வந்த எஃப்.எம். கொள்கை சில விஷயங்களை ‘செய்தி அல்ல’ என்று பிரித்து வைத்தது. டிராஃபிக், வானிலை, விளையாட்டு, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர் குறித்த அரசு அறிவிப்பு போன்றவை அதில் வரும். அதாவது, “நாளை தண்ணீர் வராது” என்று சொல்லலாம். “ஏன் வரல?” என்று அதிகாரியைக் கேள்வி கேட்டு விவாதம் நடத்தினால் அது நடப்பு நிகழ்வு ஆகிவிடும்.

சமுதாய வானொலிக்கும் இதே நிலையா?

ஆமாம். 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’தான் இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியை உள்ளூர் மக்கள் பங்களிப்போடு தயாரிக்க வேண்டும். ஆனால் அரசியல் தன்மை உள்ள நிகழ்ச்சிக்குத் தடை. செய்தி வேண்டுமானால் அகில இந்திய வானொலியிடம் இருந்து எடுத்து, வட்டார மொழிக்கு மாற்றிக் கொள்ளலாம்.

டிவிக்கு ஓகே, ரேடியோவுக்கு ஏன் நோ?

தனியார் டிவியில் தினமும் ராத்திரி அரசியல் விவாதம் நடக்கிறது. ரேடியோ விஷயத்தில் மத்திய அரசு சொல்லும் காரணம் பாதுகாப்பு. இத்தனை நிலையங்களில் என்ன பேசுகிறார்கள் என்று கண்காணிக்க வசதி இல்லை என்பது அதன் வாதம். ஆனால் அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும், தனியார் எஃப்.எம். மணிக்கு 10 நிமிடம் செய்தி தர அனுமதிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. டிராய் பரிந்துரைக்கத்தான் முடியும், முடிவு மத்திய அரசின் கையில்.

அப்போ எதுவுமே பேச முடியாதா?

நிறைய பேசலாம். விவசாயம், உடல்நலம், பெண்கள் கல்வி, குழந்தைத் திருமணம், பண்பாடு எதற்கும் தடை இல்லை. அப்படிப் பேசி பலன் கிடைத்த கதைகளும் உண்டு. 1956-ல் புனேவைச் சுற்றி 150 கிராமங்களில் மக்கள் கூட்டமாக உட்கார்ந்து வானொலி கேட்டு, விவாதித்து, சந்தேகங்களை நிலையத்துக்கே எழுதி அனுப்பினார்கள். 1960-களில் தஞ்சாவூர் பகுதியில் ஏ.டி.டி. 27 நெல் ரகம் திருச்சி வானொலி மூலம் பரவியதால், அதற்கு ‘ரேடியோ ரைஸ்’ என்றே பெயர் வந்தது. பாம்பனில் 2016-ல் தொடங்கிய ‘கடல் ஓசை’ மீனவர்களுக்காகவே பேசுகிறது.

கிராமத்துக்கு என்ன நஷ்டம்?

முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) உத்திரமேரூர் கல்வெட்டுகள் ஏரியைப் பார்த்துக்கொள்ள தனி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. பதவியில் இருந்து கணக்கு காட்டாதவர் மறுபடி போட்டியிட முடியாது, அவருடைய உறவினருக்கும் தடை. அது பிராமணர் சபை, எல்லோருக்கும் இடம் இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் ‘கணக்கு காட்டு’ என்ற கேள்வி அன்றே இருந்தது.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்க ஊராட்சி மக்களுக்கு இருக்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் 6 நாள். அன்று கூலி வேலைக்குப் போனவர், நடக்க முடியாத பாட்டி, வெளியூரில் இருப்பவர் காதுக்கு அங்கே பேசியது போய்ச் சேராது. வயலில் வேலை செய்துகொண்டே கேட்கக்கூடிய ரேடியோவால் அதைக் கொண்டு போக முடியும். விதி மாறும் வரை “மதகை எப்படிப் பராமரிப்பது” என்று மட்டும் ரேடியோவில் கேட்கலாம். “ஏன் பராமரிக்கல” என்பதை கிராம சபைக்கு நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.