காஸ்னர் பாதிரியாரின் சோதனை

என் சித்திக்கு வலிப்பு உண்டு. நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில், "சுகமாயிற்று, இனி மாத்திரை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். மாத்திரையை நிறுத்திய இரண்டாவது வாரம் அடுப்படியில் விழுந்தார். கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஜெபத்தால் சுகம் என்று யாராவது பேச ஆரம்பித்தால், இது என்ன நோய் என்று யார் முடிவு செய்தது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல், குணமாக்கும் வரத்தைச் சொல்லும் அதே பட்டியலில் ஆவிகளைப் பகுத்தறிதலையும் சொல்கிறார். முதலாவதற்குத்தான் போஸ்டர் ஒட்டுகிறார்கள்!

இதற்கென்று ஒரு முறையே வைத்திருந்த ஒருவரைப் பற்றிப் படித்தேன். யோஹான் யோசப் காஸ்னர், 1727ல் ஆஸ்திரியாவின் மலைநாட்டில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். பூசை வைக்கும்போதும் பிரசங்கத்தின்போதும் அவருக்குக் கடும் தலைவலி, மயக்கம் வரும். வைத்தியர்களால் முடியவில்லை. பிசாசின் வேலையாக இருக்குமோ என்று தன்மேலேயே பேயோட்டும் ஜெபம் செய்தார், சரியாகிவிட்டது. பிறகு மற்றவர்களுக்கும் செய்தார். 1774ல் ஜெர்மனியின் எல்வாங்கனில் அவரைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம்.

ஆனால் வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் பேயோட்டவில்லை. நோயாளியை முழங்காலில் நிற்கச் சொல்வார். இந்த நோயில் இயற்கைக்கு மாறானது ஏதாவது இருந்தால், இயேசுவின் பெயரால் அது இப்போதே வெளிப்படட்டும் என்று லத்தீனில் கட்டளையிடுவார். வலிப்போ வலியோ உடனே வந்தால் பிசாசு. ஒன்றும் வராவிட்டால் இயற்கை நோய், வைத்தியரிடம் போ என்று அனுப்பிவிடுவார்.

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் 1614ல் வந்த ரோமன் சடங்குப் புத்தகம், ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பாதே என்றுதான் ஆரம்பிக்கிறது. அது சொல்லும் அடையாளங்களும் வேறு. தெரியாத மொழியைப் பேசுவது, மறைவானதைச் சொல்வது, உடலுக்கு மீறிய பலம். காஸ்னரோ வலிப்பையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய சாமியார் "வெளியே வா" என்றால் பயந்த மனசு என்ன செய்யும்?

1775ல் இது வெளிச்சத்துக்கு வந்தது. மியூனிக்கில் அமைத்த விசாரணைக் குழு முன்னால், மெஸ்மர் என்ற வைத்தியர் விரலால் தொட்டே வலிப்பை வரவழைத்தார், நிறுத்தியும் காட்டினார். ஜெபமும் இல்லை, லத்தீனும் இல்லை. காஸ்னர் நேர்மையானவர்தான், தன்னை அறியாமல் விலங்குக் காந்த சக்தியைப் பயன்படுத்துகிறார் என்பது அவர் விளக்கம். அந்தச் சக்தியும் நிற்கவில்லை என்பது தனிக்கதை. 1784ல் பாரிஸில் ஃப்ராங்க்ளின், லவோசியர் இருந்த குழு ஆட்களின் கண்ணைக் கட்டிச் சோதித்து, எல்லாம் கற்பனையின் வேலை என்று எழுதிவிட்டது.

போப் ஆறாம் பயஸ் 1776ல், பேயோட்டுவதில் தவறில்லை, ஆனால் சடங்குப் புத்தகப்படி நிதானமாகச் செய்ய வேண்டும் என்றார். காஸ்னரை பாண்டார்ஃப் என்ற சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். 1779ல் அங்கேயே இறந்தார். அவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். பைபிளை மூடி வைத்துவிட்டு, இரவு மாத்திரையைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "அவரு சில பேரையாவது டாக்டர்கிட்ட போன்னு அனுப்பினாரே. என்னை யாருடா அனுப்பினா?"