இரட்டைக் கரு: நஞ்சு ஒன்றா, இரண்டா? தாய்மார்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மட்டாஞ்சேரி (கொச்சி): கேரள மாநிலம் கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரி அரண்மனை, 1555-ஆம் ஆண்டு வாக்கில் போர்த்துகீசியர்களால் கட்டப்பட்டுக் கொச்சி அரசர் வீரகேரள வர்மாவுக்கு அளிக்கப்பட்டதாகும். அதன் பள்ளியறைச் சுவர்களில் தீட்டப்பட்டுள்ள இராமாயண ஓவியங்கள், மகப்பேறு வேண்டித் தசரதன் செய்த வேள்வியில் தொடங்குகின்றன. அரசியர் பிள்ளை பெறும் காட்சியும் அவற்றுள் உண்டு. வேள்விப் பாயசத்தில் இரண்டு பங்கு கிடைத்ததால் சுமித்திரை இலக்குவன், சத்துருக்கனன் என இருவரை ஈன்றாள் என்பது காப்பியம் தரும் விளக்கம்.

மருத்துவம் தரும் விளக்கம் வேறு. கருவுற்ற தாய்க்கு அது வெறும் சுவையான செய்தி மட்டுமன்று. இரு குழந்தைகளும் எவ்வாறு உருவாயின என்பதைப் பொறுத்தே கர்ப்பகாலத்தின் ஆபத்தும், ஸ்கேன் பரிசோதனைகளின் எண்ணிக்கையும், பிரசவ நாளும் அமைகின்றன.

கரு உருவாகும் விதம்

அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாட்களுக்கு முன்னர், இரண்டு சினைப்பைகளில் ஒன்றிலிருந்து ஒரு கருமுட்டை வெளியேறுகிறது. அதன் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம் மட்டுமே. ஆனால் விந்தணுக்கள் பெண்ணின் உடலுக்குள் 5 நாட்கள் வரை உயிருடன் இருக்கக்கூடும். எனவே கருமுட்டை வெளியேறுவதற்குச் சில நாட்கள் முன்னர் கூடினாலும் கரு தரிக்க வாய்ப்புண்டு. கோடிக்கணக்கில் புறப்படும் விந்தணுக்களில் சில நூறு மட்டுமே கருக்குழாயை அடைகின்றன. அவற்றுள் ஒன்று முட்டைக்குள் நுழைந்தவுடன் முட்டையின் மேலுறை இறுகி, மற்றவற்றுக்கு வழி அடைபடுகிறது.

இவ்வாறு கருக்குழாயில் உருவாகும் ஒற்றை உயிரணு இரண்டாக, நான்காகப் பிரிந்தபடியே கருப்பையை நோக்கி நகர்கிறது. ஆறாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் கருப்பையின் உட்சுவரில் பதிகிறது. அதன் பின்னரே, சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டறியப்படும் ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. நாள் தள்ளிப்போகும் முன்பே பரிசோதித்து, இல்லை என்ற முடிவைக் கண்டு மனம் தளர்வோர் பலர். ஒரு வாரம் கழித்து மீண்டும் பரிசோதிப்பது நல்லது.

இருவர் உருவாகும் இரு வழிகள்

ஒரே மாதத்தில் இரண்டு கருமுட்டைகள் வெளியேறி, அவை இரு வேறு விந்தணுக்களால் கருவுற்றால் பிறப்பவர்கள் இரு முட்டை இரட்டையர். மரபணு அளவில் இவர்கள் சாதாரண உடன்பிறப்புகளே. இருவரும் ஆணாகவோ, பெண்ணாகவோ, ஆணும் பெண்ணுமாகவோ இருக்கலாம். தாயின் வயது 35-ஐக் கடந்திருத்தல், ஏற்கெனவே பல பிள்ளைகளைப் பெற்றிருத்தல், தாய்வழிக் குடும்பத்தில் இத்தகைய இரட்டையர் இருத்தல், கருத்தரிப்பு சிகிச்சை ஆகியவை இவ்வாய்ப்பை அதிகரிக்கின்றன. கணவர் குடும்பத்தில் இரட்டையர் இருப்பதால் மனைவிக்கு இரட்டை உண்டாவதில்லை. ஏனெனில் இரு முட்டைகளை வெளியிடுவது பெண்ணின் உடலே. ஆனால் அந்த மரபு தந்தை வழியாக மகளுக்குச் செல்லக்கூடும். ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தை உண்டால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. தயக்கமின்றி உண்ணலாம்.

ஒரே முட்டை கருவுற்ற பின்னர் இரண்டாகப் பிரிந்தால் பிறப்பவர்கள் ஒரு முட்டை இரட்டையர். இது பெரும்பாலும் தற்செயலாக நிகழ்வது. உலகெங்கும் ஆயிரம் பிரசவங்களுக்கு 3 முதல் 4 என்ற அளவிலேயே காணப்படுகிறது. இரு முட்டை இரட்டையரின் எண்ணிக்கையோ இடத்துக்கு இடம் மாறுபடும்.

இதற்குக் கேரளத்திலேயே எடுத்துக்காட்டு உள்ளது. கொச்சிக்கு வடக்கே, மலப்புறம் மாவட்டம் திரூரங்காடிக்கு அருகில் உள்ள கொடிஞ்ஞி கிராமத்தில், சுமார் 2,000 குடும்பங்களில் 200-க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகள் இருப்பது 2008-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பேசப்பட்டது. பின்னர் அந்த எண்ணிக்கை மேலும் உயர்ந்தது. 2016-ஆம் ஆண்டில் ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், கொச்சியில் உள்ள கேரள மீன்வள மற்றும் கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தோரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் அங்கு உமிழ்நீர், தலைமுடி மாதிரிகளைச் சேகரித்தனர். தண்ணீரா, உணவா, மரபணுவா என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைக்கவில்லை.

நஞ்சைப் பொறுத்தே ஆபத்து

இரட்டைக் கரு என்று தெரிந்ததும் உறவினர்கள் கேட்கும் கேள்வி, ஒரே சாயலா என்பதுதான். மருத்துவர் தேடும் விடையோ, நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்பது.

இரு முட்டை இரட்டையர்க்குத் தனித்தனி நஞ்சும் தனித்தனிப் பனிக்குடமும் இருக்கும். ஒரு முட்டை இரட்டையரில் கரு பிரியும் நாளே இதைத் தீர்மானிக்கிறது. முதல் 3 நாட்களுக்குள் பிரிந்தால் இரண்டு நஞ்சு, இரண்டு பனிக்குடம். நான்காம் நாள் முதல் எட்டாம் நாள் வரை பிரிந்தால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு, பெரும்பாலானோர் இவ்வகையினர். அதற்கும் பின்னர் பிரிந்தால் இரண்டுமே ஒன்று. இது மிக அரிது. சுமார் 13 நாட்களுக்குப் பின்னர் பிரிதல் முழுமையடையாமல், உடல் ஒட்டிய குழந்தைகள் உருவாகின்றன.

ஒரே நஞ்சைப் பகிரும் குழந்தைகளின் ரத்தக் குழாய்கள் அந்த நஞ்சுக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். இத்தகைய கர்ப்பங்களில் 10 முதல் 15 சதவீதத்தில், ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்கு அளவுக்கு மீறிச் செல்கிறது. கொடுக்கும் குழந்தை வளர்ச்சி குன்றுகிறது; பெறும் குழந்தையின் இதயம் சுமை தாங்காமல் தளர்கிறது. கடுமையான நிலையில் சிகிச்சை இல்லையெனில் பெரும்பாலும் இரு குழந்தைகளையுமே இழக்க நேரிடும். உரிய நேரத்தில் கண்டறிந்தால், கருப்பைக்குள் லேசர் மூலம் அந்த இணைப்புகளை அடைக்க முடியும். பொதுவாக 16 முதல் 26 வாரங்கள் வரையே இதற்கான காலம்.

நஞ்சின் எண்ணிக்கையைத் துல்லியமாக அறிய ஏற்ற காலம் 11 முதல் 14 வாரங்கள். அதன் பின்னர் இரு நஞ்சுகள் நெருங்கி வளர்ந்து ஒன்றுபோல் தோன்றக்கூடும், இடைச்சவ்வும் மெலிந்துவிடும். ஐந்தாம் மாத ஸ்கேன் போதும் என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். அறிக்கையில் டி.சி.டி.ஏ. என்றிருந்தால் இரண்டு நஞ்சு, எம்.சி.டி.ஏ. என்றால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு, எம்.சி.எம்.ஏ. என்றால் இரண்டுமே ஒன்று. இவற்றில் எதுவும் குறிப்பிடப்படவில்லையெனில் தாய் கேட்டுப் பெறலாம். கருவின் பாலினத்தை மட்டும் கேட்கக் கூடாது. தெரிவிப்பது 1994-ஆம் ஆண்டு சட்டப்படி குற்றமாகும்.

மட்டாஞ்சேரியிலும் அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியிலும் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை மட்டாஞ்சேரியிலேயே உள்ளது. தலைப்பிரசவத்துக்குத் தமிழ்நாட்டில் உள்ள தாய்வீட்டுக்குச் செல்வோர், முதல் ஸ்கேன் அறிக்கையை உடன் எடுத்துச் செல்வது அவசியம். பின்னர் பார்க்கும் மருத்துவருக்கு அந்த ஒரு தாளே வழிகாட்டி.

நஞ்சு ஒன்று எனில் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. இரண்டு எனில் பொதுவாக நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போதும். இரட்டைக் கர்ப்பத்தில் ரத்தசோகையும் உயர் ரத்த அழுத்தமும் கூடுதலாகக் காணப்படுவதால், ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து மாத்திரைகளை மருத்துவர் கூறியபடி தவறாமல் உட்கொள்ள வேண்டும். வயிறு திடீரெனப் பெருத்தல், மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு, பார்வை மங்கலுடன் கூடிய தலைவலி, குழந்தைகளின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கலாகாது.

இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரங்களுக்கு முன்பே பிறக்கின்றனர். சிக்கல் இல்லாவிட்டாலும், இரு நஞ்சு எனில் 37-ஆம் வாரத்திலும், ஒரு நஞ்சு எனில் 36-ஆம் வாரத்திலும், பனிக்குடமும் ஒன்றே எனில் 32 முதல் 34 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை மூலமும் பிரசவம் திட்டமிடப்படுவது வழக்கம். எனவே பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையை ஏழாம் மாதத்துக்குள் தேர்வு செய்துகொள்ள வேண்டும்.