பங்குனியில் ஒரு பயணம்: அரங்கமும் உறந்தையும்

திருமண நாளைக் கொண்டாடக் கணவனும் மனைவியும் பெருநகரம் ஒன்றுக்குச் சென்று வருவது இக்காலத்தில் பெருகிவரும் வழக்கம். நாள் பார்த்து விடுப்பு எடுப்பது, தங்குமிடம் தேடுவது, புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் வகுப்பது, என்ன பரிசு கொடுப்பது என்று யோசிப்பது என அதற்கான ஏற்பாடுகள் பல. இத்தனை ஏற்பாடுகளும் கொண்ட ஒரு பயணம் திருச்சிராப்பள்ளியில் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. நாள் குறிப்பது பஞ்சாங்கம். செல்பவர் திருவரங்கத்து நம்பெருமாள். செல்லுமிடம் ஒருகாலத்தில் சோழநாட்டின் தலைநகராக விளங்கிய உறையூர். அங்கே காத்திருப்பவர் கமலவல்லி நாச்சியார். பக்தர்களுக்கு இது திருவிழா. வரலாற்று ஆர்வலர்களுக்கோ ஒரு நகரத்தின் ஏற்றமும் இறக்கமும் பதிந்த ஆவணம். அவ்வாவணத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பயணத் திட்டம்

திருவரங்கத்தில் பங்குனி மாதம் நடைபெறும் பெருவிழாவுக்கு ஆதி பிரம்மோற்சவம் என்று பெயர். அதன் ஆறாம் நாள் ஆயில்யம். ஒன்பதாம் நாள் உத்திரம். ஆயில்யம் கமலவல்லி நாச்சியாரின் பிறந்த நட்சத்திரம்; உத்திரம் திருவரங்கத்துத் தாயாரான ரங்கநாயகியின் நட்சத்திரம். இரண்டுக்கும் இடையே மகம், பூரம் என்னும் இரண்டே நாள்கள்! இந்த நெருக்கத்தில்தான் கதையின் சுவையே அடங்கியிருக்கிறது.

ஆயில்யத்தன்று விடியலுக்கு முன்பே நம்பெருமாளின் பல்லக்கு புறப்பட்டுவிடும். பங்குனியில் காவிரி பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படுவதால், ஓடும் நீரும் ஓரமாக ஒதுங்கிவிடும் பருவம் அது. மணலில் நடந்தும், இருக்கின்ற நீரில் இறங்கியும் பல்லக்குத் தூக்குவோர் தென்கரை ஏறுவர். உறையூரில் நாச்சியாரும் நம்பெருமாளும் ஓரிடத்தில் எழுந்தருளும் சேர்த்தி நடைபெறும். ஆண்டில் ஒரே ஒரு நாள்! இரவு நெடுநேரம் வரை காட்சி தந்துவிட்டுப் பெருமாள் ஊர் திரும்பிவிடுவார்.

கமலவல்லியின் கதையை அறியாதார் குறைவு. பிள்ளையில்லாத நந்தசோழன் தாமரைப் பொய்கையில் பெண் குழந்தையைக் கண்டெடுத்தான். தாமரையில் கிடைத்ததால் கமலவல்லி என்று பெயரிட்டான். வளர்ந்தவள் அரங்கனையே மணாளனாக வரித்தாள். கல்வெட்டுகள் தரும் சோழர் வரிசையில் நந்தசோழனுக்கு இடமில்லை. அவன் மரபு தந்த அரசன். என்றாலும் அவன் மகளுக்கு எழுந்த கோயில் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. ஊரார் அதை நாச்சியார் கோயில் என்றே அழைக்கின்றனர். அங்குள்ள அழகிய மணவாளர் திருமணக் கோலத்தில் நின்றிருக்க, நாச்சியார் அமர்ந்திருக்கிறார். இருவர் முகமும் வடக்கு நோக்கியே உள்ளது. வடக்கே காவிரி, காவிரிக்கு நடுவே அரங்கம்.

ஊர் திரும்பிய மணாளருக்கு உத்திரத்தன்று என்ன நேர்கிறது? தாயார் சன்னிதிக் கதவு சார்த்தப்படுகிறது. எங்கே போயிருந்தீர், கையிலிருந்த மோதிரம் எங்கே என்று கேள்விகள் எழுகின்றன. மோதிரம் தொலைந்த கதை பலவாறு சொல்லப்படுகிறது; உறையூராளுக்குப் பரிசாகச் சென்றது என்பது அவற்றுள் ஒன்று. இரு தரப்பாரும் வாதாடுகின்றனர். மட்டையும் பூவும் வெண்ணெயும் பெருமாள் மேல் வீசப்படுகின்றன. நம்மாழ்வார் எழுந்தருளிச் சமாதானம் செய்த பிறகே கதவு திறக்கிறது. இதனைப் பிரணய கலகம் என்பர். மக்கள் வழக்கில் மட்டையடி. அதன்பின் தாயாருடன் சேர்த்தி. இச்சேர்த்தியின் முன்னிலையில்தான் இராமானுசர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார் என்பது வைணவ மரபு.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. திருவரங்கத்துத் தாயார் படிதாண்டாப் பத்தினி. தம் சன்னிதியை விட்டு வெளியே எழுந்தருளுவதில்லை. உறையூர் நாச்சியாரோ பிறந்த வீட்டிலேயே வாழ்பவர். ஆகவே இரு பெண்களும் அவரவர் இடத்தில் நிலைத்திருக்க, பயணம் செய்யும் கடமை முழுவதும் மணாளர் மேல் விழுகிறது. வாசலில் நின்று பதில் சொல்லும் கடமையும் அவருடையதே!

சங்கப் பாடல் காட்டும் பங்குனி

இனி, பல நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். உறையூரைச் சேர்ந்த முதுகூத்தனார் பாடிய அகநானூற்றின் 137-ஆம் பாடல், தலைவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சி மெலிந்த தலைவிக்குத் தோழி கூறுவதாக அமைந்தது. அவன் இன்னும் புறப்படவேயில்லை. அதற்குள் உன் நெற்றி ஒளியிழந்துவிட்டதே என்கிறாள் தோழி. எதைப் போல? உறந்தையில், காவிரிக் கரையின் வெண்மணலும் மணமுள்ள பொழிலும் சூழ்ந்த இடத்தில், பங்குனிக் கூடல் விழா முடிந்த மறுநாள், நெருப்பணைந்த அடுப்புகளோடு வெறிச்சோடிக் கிடக்கும் அரங்கத்தைப் போல.

இவ்வுவமையில் வரலாற்றுக்குப் பயன்படும் செய்திகள் மூன்று உள்ளன. முதலாவது, சங்க காலத்திலேயே உறையூரின் புகழ்பெற்ற விழா பங்குனியில் நிகழ்ந்தது. அதன் பெயரே கூடலைக் குறிப்பதாக இருந்தது. இரண்டாவது, விழாவின் களம் ஆற்றங்கரை. மூன்றாவது, அடுப்புகள். மக்கள் வந்தார்கள், அங்கேயே சமைத்தார்கள், உண்டார்கள், மறுநாள் கலைந்து போனார்கள். பாடலில் வரும் அரங்கம் என்ற சொல்லை ஆற்றிடைக்குறை என்று கொள்வாரும், இன்றைய திருவரங்கத்தையே குறிப்பது என்று கொள்வாரும் உளர். எவ்வாறு கொண்டாலும் ஒன்று தெளிவு: அன்று தலைநகரத்தார் நகரை விட்டு ஆற்றுக்கு வந்தனர். இன்றோ ஆற்றுத் தீவின் தலைவன் நகரத்துக்குச் செல்கிறான். பயணத்தின் திசை மாறியிருக்கிறது!

நாளும் மாறியிருக்கலாம். ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் இறையனார் களவியல் உரை, மதுரைக்கு ஆவணி அவிட்டத்தையும் உறையூருக்குப் பங்குனி உத்திரத்தையும் கருவூருக்கு உள்ளி விழாவையும் உரிய திருநாள்களாகக் குறிப்பிடுகிறது. அந்த உத்திரம் இன்று திருவரங்கத்துத் தாயாருக்கு உரியது. உறையூரின் பங்கில் இருப்பது ஆயில்யம். தலைநகரம் தளர்ந்து தீவுக்கோயில் வளர்ந்த காலத்தில் பெருநாளும் உடன் கைமாறியதோ என்று எண்ணத் தோன்றுகிறது. தெய்வத் திருமணங்களுக்குப் பங்குனி உத்திரம் தமிழகமெங்கும் உரிய நாள் என்பதால் இதனை முடிவாகக் கூறுதல் பொருந்தாது. ஓர் ஊகமாக மட்டும் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

அதே துறை, வேறொரு தம்பதியர்

காவிரியை இவ்விடத்தில் கடந்த மற்றொரு தம்பதியரைத் தமிழிலக்கியம் மறக்கவில்லை. புகாரிலிருந்து மதுரை என்னும் பெருநகர் நோக்கிப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரியின் வடகரை வழியே வந்து, அரங்கத்தை அடைந்து, ஓடமேறித் தென்கரை சேர்ந்து உறையூர் புகுந்தனர். தென்கரைச் சோலையில் அவர்களைக் கண்டு ஏளனம் பேசிய இருவரைக் கவுந்தி 12 திங்கள் நரிகளாகத் திரியுமாறு சபித்ததைச் சிலப்பதிகார வாசகர்கள் அறிவர். நம்பெருமாள் கடப்பதும் அதே அரங்கத்துக்கும் உறந்தைக்கும் இடைப்பட்ட ஆற்றையே. அவர் திரும்பி வருகிறார், கோவலன் திரும்பவில்லை. பிரிந்தவனை மன்னித்து ஏற்ற மனைவியைக் காப்பியமும் காட்டுகிறது, உத்திரத் திருவிழாவும் காட்டுகிறது. ஆனால் விழாவின் மனைவிக்குக் கதவைச் சார்த்திக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. கண்ணகி அவ்வுரிமையைக் கணவனிடம் காட்டவேயில்லை, அரசனிடம்தான் காட்டினாள்.

ஊடல் இந்நதிக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளி மலையில் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மர் குடைவித்த லலிதாங்குர பல்லவேசுவரக் குடைவரையின் வடமொழிக் கல்வெட்டு ஒரு நயமான கற்பனையைச் செய்கிறது. ஆறுகளை விரும்பும் சிவபெருமான் காவிரியின் அழகில் மயங்கிவிடக்கூடும் என்று அஞ்சிய மலைமகள், தந்தை வீட்டைத் துறந்து இம்மலையிலேயே தங்கி, இவள் பல்லவனின் காதலி என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்! காதல் பேச்சின் உள்ளே அரசியல் பொதிந்திருப்பதைக் கவனியுங்கள். காவிரி யாருடையவள் என்பதே கேள்வி. சோழரின் ஆற்றைப் பல்லவர் உரிமை கொண்டாடுகிறார்.

தலைநகரம் புறநகரான கதை

உறையூர் எத்தகைய நகரமாக இருந்தது? கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடல் பெரிபுளூசு, அர்கரு என்னும் உள்நாட்டு ஊரின் மெல்லிய துணிகளைப் பேசுகிறது. அது உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கு நிகழ்த்திய அகழாய்வுகள் உரோமானியத் தொடர்பைக் காட்டும் பானையோடுகளையும், எழுத்துப் பொறித்த ஓடுகளையும், துணிக்குச் சாயமேற்றும் தொட்டியையும் வெளிக்கொணர்ந்தன. பெருநகரம்தான், ஐயமில்லை. 9-ஆம் நூற்றாண்டில் விசயாலயர் தஞ்சையைக் கைப்பற்றிய பின் சோழரின் தலைமை அங்கே சென்றது. உறையூர் பழம்பெருமை பேசும் ஊராயிற்று.

தலைநகரம் போனபின்னும் மாப்பிள்ளை வரவு நிற்கவில்லை. அரங்கனுக்குப் பெண் கொடுத்தவர்களாக மரபு கூறுவோரை எண்ணிப் பாருங்கள். சோழன் மகள் கமலவல்லி. சேரரான குலசேகரர் மகள் சேரகுலவல்லி. தில்லி சுல்தானின் மகள் துலுக்க நாச்சியார். பகையரசுகளையும் படையெடுத்தவர்களையும் ஒரு குடும்பமாக்கிப் பார்க்கும் மனப்பாங்கு இது. துலுக்க நாச்சியாரின் பொருட்டு இன்றும் அரங்கனுக்கு ரொட்டி படைக்கப்படுகிறது.

மணாளர் வராத ஆண்டுகளும் இருந்தன. 1323-இல் தில்லிப் படை வந்தபோது உற்சவத் திருமேனியைப் பிள்ளை உலகாசிரியரும் அடியார்களும் சுமந்து வெளியேறினர். பல ஊர்கள் அலைந்து, விசயநகரத் தலைவர் கோபணாரியரின் துணையால் திருமேனி திரும்பியது 1371-இல். இடையில் 48 ஆண்டுகள்! அதுவரை அழகிய மணவாளர் என்றே வழங்கியவரை, திருமஞ்சன நீரின் மணத்தையும் சுவையையும் கொண்டு, கண்பார்வையிழந்த முதிய வண்ணார் ஒருவர் அடையாளம் கண்டு நம்பெருமாள் என்று அழைத்தார் என்கிறது மரபு. மூத்த தலைமுறை மறைந்துவிட்ட ஊரில், துணி வெளுத்தவரின் நினைவே சான்றாக நின்றது.

கடக்க முடியாதவர்

இப்பயணத்தைப் பற்றி எண்ணும்போது உறையூரில் தோன்றிய இன்னொருவரை விட்டுவிட முடியாது. திருப்பாணாழ்வார் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார். அவர் பிறப்பைக் காரணம் காட்டித் தீவில் கால்வைக்க அன்றைய சமூகம் இடம் தரவில்லை. உலோகசாரங்கர் எறிந்த கல் அவர் மேல் பட்டதும், பின்னர் அவ்வுலோகசாரங்கரே ஆழ்வாரைத் தோளில் சுமந்து சன்னிதிக்குக் கொண்டுவந்ததும் குருபரம்பரை கூறும் செய்திகள். அரசன் மகளுக்காக அரங்கன் ஆண்டுதோறும் ஆறு கடக்கிறான். அதே ஊர்ப் பாணர் ஒருமுறை கடக்க ஒரு கல்லடியும் ஒரு தோளும் வேண்டியிருந்தன. உறையூர் நாச்சியார் கோயிலில் அப்பாணருக்கும் சன்னிதி உண்டு. ஆயில்யத்தன்று அக்கோயிலுக்குள் நுழையும் பல்லக்கு, சோழன் மகளின் வீட்டுக்கு மட்டுமன்றிப் பாணரின் ஊருக்கும் வருகிறது என்பதை நினைவிற்கொள்வது நலம்.

1994-இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானபோது திருவரங்கமும் அதனுள் இணைந்தது. ஆட்சிக் கணக்குப்படி நம்பெருமாளின் பயணம் இன்று ஒரு மாநகருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. உறையூரில் முற்காலச் சோழர் அரண்மனையையோ மதிலையோ தேடுபவர் ஏமாறுவர். நெருக்கமான தெருக்களுக்கு அடியில் அவை எங்கோ புதைந்துள்ளன. கல்லும் செங்கல்லும் காக்கத் தவறியதை ஒரு நாள் வருகை காத்து நிற்கிறது. இது ஒருகாலத்தில் அரசன் மகள் வாழ்ந்த நகரம், மாப்பிள்ளை தேடிவரும் தகுதி படைத்த நகரம் என்பதை ஒவ்வொரு பங்குனியிலும் பல்லக்குச் சுமப்போரின் ஈரக் கால்தடங்கள் உறையூர்த் தெருக்களில் எழுதிவிட்டுச் செல்கின்றன.