திருட்டு விண்டோஸும் காசு கொடுத்த ஆன்டிவைரஸும்

மும்பையில் புது லேப்டாப் வாங்கினால், பில் போடும்போதே கடைக்காரர் ஆன்டிவைரஸ் பேச்சை எடுத்துவிடுவார். மாட்டுங்காவில் வாங்கினாலும் செம்பூரில் வாங்கினாலும் இது மாறாது. வாங்குகிறவரும் ஆயிரத்துக்குள் ஏதோ ஒன்றைப் போடச் சொல்லிவிட்டு நகர்கிறார். லேப்டாப்புக்குள் ஏற்கெனவே இலவசமாக ஒன்று உட்கார்ந்திருக்க, இந்தக் காசு எதற்கு? பயமுறுத்தி விற்கிறார்கள் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால், இந்த நகரத்தின் கணினிக் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. இங்கே ஆன்டிவைரசுக்குக் காசு கொடுக்கும் பழக்கத்தை வளர்த்தது திருட்டு விண்டோஸ். அது பெரும்பாலும் போய்விட்ட பிறகும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

வைரஸ் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' ஃபிளாப்பி வழியாக உலகம் சுற்றியது. 1989 நவம்பரில் 'பிரிண்ட் ஸ்க்ரீன்' என்ற வைரஸ் பம்பாயிலேயே பிடிபட்டது. அடுத்த ஆண்டு இந்தியாவில் தலைகாட்டிய 'ஜோஷி', ஜனவரி 5ஆம் தேதி கணினியை நிறுத்திவைத்து, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து டைப் செய்தால்தான் விடும். இவையெல்லாம் ஃபிளாப்பியின் முதல் பகுதியில் ஒளிந்திருப்பவை. வைரஸ் உள்ள ஃபிளாப்பியை டிரைவில் மறந்து விட்டுவிட்டு மெஷினை ஆன் செய்தால் போதும், தொற்றிக்கொள்ளும். அன்றைய தடுப்பு மருந்துக்கு விலையே கிடையாது. ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். டப்பாவோடு வரும் சிறு ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டிவிட்டால் டிரைவால் அதில் எதையும் எழுத முடியாது, வைரசாலும் முடியாது. ஒட்டாமல் விட்டு மாட்டிக்கொண்டவர்கள்தான் விஷயம் தெரிந்த ஒருவரைத் தேடிப் போனார்கள். அவருடைய வேலைக்குக் கூலி கொடுத்தார்கள்.

இந்தியாவின் ஆன்டிவைரஸ் தொழில் இந்தக் கூலி வேலைக்குப் பக்கத்தில்தான் முளைத்தது. சென்னையில் 1991இல் கே7, மும்பையில் 1993இல் இஸ்கேன் தயாரிக்கும் மைக்ரோவேர்ல்டு, புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர் கடையிலிருந்து கிளம்பிய காட்கர் சகோதரர்களின் குவிக் ஹீல் என்று அடுத்தடுத்து வந்தன. குவிக் ஹீல் கதைதான் இதில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அண்ணன் கடையில் ரிப்பேருக்கு வந்த கணினிகளில் பாதித் தொல்லை வைரஸ் தொல்லை. அதைத் துடைக்கத் தம்பி எழுதிய கருவிகளே பின்னால் விற்பனைச் சரக்காயின. அந்தக் கம்பெனி 2016இல் மும்பைப் பங்குச் சந்தை வரை வந்தது. அதற்கு வெகு முன்பே, 1999 ஏப்ரல் 26ஆம் தேதி 'செர்னோபில்' வைரஸ், ஹார்டு டிஸ்க்கில் இருந்ததை அழித்ததோடு நிற்காமல் மதர்போர்டில் இருந்த பயாஸையும் பாழாக்கியபோது, ரிப்பேர்க்காரர் சொல்லுக்கு இருந்த மதிப்பு இன்னும் கூடியது.

அடுத்த பத்தாண்டுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி. மும்பையின் லேமிங்டன் ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு கணினிதான் அன்று நடுத்தர வீட்டுக் கணினி. அதில் விண்டோஸ் பெரும்பாலும் கிராக் செய்தது. இந்தியாவில் போடப்பட்ட மென்பொருளில் 63 சதவீதம் திருட்டுப் பிரதி என்று மென்பொருள் கம்பெனிகளின் கூட்டமைப்பு 2011இலும் கணக்குச் சொன்னது. விற்கிறவர்களே போட்ட கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். அசலா போலியா என்று விண்டோஸ் சோதிக்க ஆரம்பித்ததும், திரை கறுப்பாகிவிடும் என்ற பயத்தில் பலரும் அப்டேட்டையே அணைத்துவைத்தார்கள். 2008 அக்டோபர் 23இல் மைக்ரோசாஃப்ட் ஒரு முக்கியமான ஓட்டையை அடைத்தது. அதே ஓட்டை வழியாக நவம்பரில் 'கான்ஃபிக்கர்' வைரஸ் நுழைந்தபோது, அப்டேட்டை அணைத்தவர்களின் கதவு திறந்தே கிடந்தது. 2009இல் மைக்ரோசாஃப்ட் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றைத் தந்தது. அதையும் அசல் விண்டோஸ் வைத்திருப்பவர்தான் போட்டுக்கொள்ள முடியும். ஆன்டிவைரஸ் கம்பெனிகளோ உங்கள் விண்டோஸ் அசலா என்று கேட்கவில்லை. ஆக, மெஷினில் இருந்த மற்ற சாஃப்ட்வேர் எல்லாம் திருட்டு, ஆன்டிவைரஸ் மட்டும் பில்லோடு வாங்கியது என்ற விசித்திரம் வீட்டுக்கு வீடு நடந்தது.

தாராவி மாதிரி இடத்தில் இந்தச் செலவுக்கு அர்த்தம் இருந்தது. எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் பென் டிரைவில்தான் வரும். கல்யாணப் பத்திரிகை டி.டி.பி. கடைக்குப் பென் டிரைவில்தான் போகும். ஒரு பென் டிரைவ் ஒரே நாளில் பத்து மெஷினைத் தொட்டுவிட்டுத் திரும்பும். வந்து செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் காணாமல் போய், அதே பெயரில் வளைந்த அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகள் வரிசையாக நிற்கும். கிளிக் செய்தால் வைரஸ் ஓடும். உண்மையான ஃபோல்டர்கள் அங்கேயே ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். விஷயம் தெரிந்த பையன் கறுப்புத் திரையைத் திறந்து 'அட்ரிப்' என்று தொடங்கும் ஒரே வரிக் கட்டளையைத் தட்டினால் எல்லாம் திரும்பிவிடும். அந்த ஒரு வரி தெரிந்த பையனைத்தான், உண்மையில், வருடச் சந்தா கொடுத்து வைத்திருந்தார்கள். ஆன்டிவைரஸ் விற்ற கடைக்காரரே விண்டோஸ் போட்டவர், கூப்பிட்டால் வருகிறவர், கீ காலாவதியானால் மாற்றித் தருகிறவர்.

ஏவிஜி, அவாஸ்ட் போன்ற இலவசங்கள் அப்போதே இருந்தனவே, ஏன் எல்லோரும் அவற்றைப் போடவில்லை என்று கேட்கலாம். வீட்டில் போட்டவர்கள் உண்டு. ஆனால் இணையம் டயல்-அப்பில், நிமிடத்துக்குக் காசு வைத்து ஓடிய காலத்தில், தினமும் இறங்க வேண்டிய அப்டேட் இலவசமாகாது. உரிமப்படி அவை வீட்டு உபயோகத்துக்கு மட்டும்; கடைக்கும் பட்டறைக்கும் அல்ல. அதனால் அன்று காசு கொடுத்தவர்களை ஏமாளிகள் என்று சொல்ல மாட்டேன்.

இன்றைய லேப்டாப்பில் இந்தக் காரணங்கள் ஏறக்குறைய எதுவும் இல்லை. கடையில் வாங்குகிற லேப்டாப்புகளில் பெரும்பாலானவை அசல் விண்டோஸோடு வருகின்றன. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகளாக அது முழு மதிப்பெண்ணோ அதை ஒட்டியோ வாங்குகிறது. இலவசம் என்றால் நம்மைத்தான் விற்பார்கள் என்ற வாதத்தை ஒதுக்க முடியாது: பயனர்களின் இணைய நடமாட்டத்தைத் துணை நிறுவனம் வழியாக விற்றது 2020இல் வெளியாகி, அவாஸ்ட் 2024இல் அமெரிக்காவில் ஒரு கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது. ஆனால் காசு கொடுத்தால் கவலையே இல்லை என்பதும் சரியல்ல. மும்பையின் இஸ்கேன் தன் அப்டேட்டைப் பாதுகாப்பற்ற இணைப்பில் அனுப்பிவந்ததால், ஹேக்கர்கள் வழியில் மறித்து அதற்குள் வைரசைச் செருகினார்கள். 2023இல் அது சரிசெய்யப்பட்டது. அதை வெளியில் சொன்னது அதே அவாஸ்ட் என்பது ஒரு வேடிக்கை.

காசு கொடுத்தால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரிலிருந்து தப்பலாம் என்பது கடைசி வாதம். 2017 ஜூன் 27இல் 'நாட்பெட்யா' வைரஸ் தாக்கி, மும்பைக்கு எதிர்க்கரையில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மேர்ஸ்க் கப்பல் குழுமம் நடத்திய முனையத்தின் வேலை முடங்கியது. அவ்வளவு பெரிய குழுமம் பாதுகாப்புக்குக் காசு செலவழிக்காமலா இருந்திருக்கும்? அந்த மாதிரி நாளில் கைகொடுப்பது, மெஷினோடு இணைக்காமல் தனியாக வைத்த நகல்.

ஆகவே, பத்து மெஷின் வைத்து டாலி கணக்கு சாஃப்ட்வேர் ஓட்டுகிற, ஆள் வந்து பார்க்க வேண்டிய அலுவலகம் என்றால் சந்தா கட்டுங்கள். சர்வீஸ் எப்படி என்று விசாரித்துவிட்டுக் கட்டுங்கள். வீட்டுக்கு ஒரு லேப்டாப் என்றால், அதோடு வந்த ட்ரையல் ஆன்டிவைரசை முதல் நாளே நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, அப்டேட்டை அணைக்காமல் விடுங்கள். வருடா வருடம் கீ வாங்குகிற காசைச் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒரு முறை நகல் எடுத்துக் கழற்றி வையுங்கள்.