முடம் நீக்கிய முன்னோடிகள்

ஒரு துறையின் முன்னோடி யாவர்? அதற்குப் பெயரிட்டவரா? அதன் தொழிலை நடத்திக் காட்டியவரா? என்பு மருத்துவத்தின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வினா எழாமற் போகாது.

மேனாட்டார் இத்துறையை ‘ஆர்த்தோபீடியா’ என்பர். இச்சொல்லைப் படைத்தவர் நிக்கோலா ஆந்திரி (1658–1742) என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1741-இல், எண்பது அகவை கடந்தபின், தாம் வெளியிட்ட நூலுக்கு அவர் இட்ட பெயர் அது. கிரேக்கத்தில் ‘ஆர்த்தோஸ்’ என்பது நேரானது. ‘பைதியோன்’ என்பது குழவி. எனவே, குழவியரின் உடற்கோணலை நிமிர்த்தும் கலை என்பதே பொருள். எலும்பு என்னும் கருத்து அச்சொல்லில் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கோணி வளர்ந்த இளமரத்தைக் கோலோடு பிணைத்துக் காட்டும் அந்நூலின் ஓவியமே பின்னர் இத்துறையின் அடையாளமாயிற்று. ஆயினும் ஆந்திரி அறுவை மருத்துவர் அல்லர். அறுவையாளரைக் கீழ்ப்படுத்த முனைந்தவர். நூலும் பெற்றோரை நோக்கி எழுதப்பட்டதே.

பெயர் தோன்றி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 1780-இல், சுவிட்சர்லாந்தின் ஓர்ப் நகரில் ழான் ஆந்திரே வெனெல் கோணற்காற் பிள்ளைகட்கெனத் தனி மருத்துவ நிலையம் நிறுவினார். 1851-இல் டச்சுப் படைமருத்துவர் அந்தோனியுசு மத்தைசன் பாரிஸ் சாந்து தடவிய துணியால் முறிவைக் கட்டும் முறையைக் கண்டார்.

இவர்களின் வேறாய மரபில் வந்தவர் ஹியூ ஓவன் தாமசு (1834–1891). வேல்சு நாட்டில் வழிவழியாக எலும்பு கட்டிய குடி அவருடையது. தந்தை ஈவான் தாமசு லிவர்ப்பூலில் அத்தொழில் செய்தார். பட்டம் பெறாமையால் மருத்துவரின் பகையும் வழக்குகளும் அவரைத் தொடர்ந்தன. அதனாற்போலும், தம் மைந்தர் ஐவரையும் மருத்துவம் பயில விடுத்தார். குடிவழி அறிவும் கல்லூரிக் கல்வியும் ஹியூவிடம் ஒன்றாயின. காலை நீட்டித் தாங்கும் இரும்புச் சட்டம் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் வாழ்நாளில் அது பரவலாக ஏற்கப்படவில்லை. அவர்தம் மனைவியின் மருமகனும் மாணாக்கருமான ராபர்ட் ஜோன்சு (1857–1933) முதல் உலகப்போரில் அதனைப் பரப்பினார். தொடையெலும்பு முறிந்த வீரரின் சாவு பெரிதும் குறைந்தது.

தமிழில் இத்துறைக்கு ‘முடநீக்கியல்’, ‘எலும்பியல்’ என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. முன்னது ஆந்திரியின் கருத்தை ஒட்டியது. பின்னது துறையின் இன்றைய பரப்பை ஒட்டியது. சொல்லின் வரலாறு நம்மை ஆந்திரியிடம் சேர்க்கும். தொழிலின் வரலாறோ பட்டமில்லா ஈவான் தாமசிடம் சேர்க்கும். நூலை மட்டுமே சான்றெனக் கொள்வோமாயின், கையால் அறிந்தோர் வரலாற்றில் மறைந்துபோவர். அது மருத்துவ வரலாற்றுக்கு மட்டும் நேரும் இழப்பன்று என்க.