பெயரிட்டவர்களும் பெயரை மாற்றிக்கொண்டவர்களும்

1956ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி இரவு, நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருந்த ஆண்ட்ரியா டோரியா என்ற இத்தாலியப் பயணிகள் கப்பல், நான்டக்கெட் தீவுக்கு அப்பால் அடர்ந்த பனிமூட்டத்தில் ஸ்டாக்ஹோம் என்ற ஸ்வீடன் நாட்டுக் கப்பலோடு மோதியது. மறுநாள் காலை அது மூழ்கிப்போனது. உயிர்காப்புப் படகில் தப்பியவர்களில் இருபத்து மூன்று வயதான இசையமைப்பாளர் மைக் ஸ்டோலரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்களை மீட்ட சரக்குக் கப்பல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தபோது, பாடலாசிரிய நண்பர் ஜெர்ரி லீபர் அங்கே காத்திருந்தார். அவர் கொண்டுவந்த செய்தி, இருவரும் சேர்ந்து எழுதிய 'ஹவுண்ட் டாக்' பெருவெற்றி பெற்றுக்கொண்டிருக்கிறது என்பது. பிக் மாமா தார்ன்டன் பாடிய இசைத்தட்டா என்று கேட்டார் ஸ்டோலர். இல்லை, எல்விஸ் பிரெஸ்லி என்ற வெள்ளைக்காரப் பையன் பாடியது என்றார் லீபர்.

துறைமுகத்தில் நடந்த அந்தச் சிறு உரையாடலுக்குள் ராக் இசை பிறந்த கதை ஏறக்குறைய முழுமையாக அடங்கியிருக்கிறது. முதலில் பாடியவர் அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண். உலகறியச் செய்தவர் தென்மாநிலத்து வெள்ளை இளைஞர். எழுதியவர்கள் இரண்டு யூதப் பையன்கள். ராக்கின் வரலாறு வழக்கமாக முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையிலான கதையாகவே சொல்லப்படுகிறது. நடுவில் நின்றவர்கள் பெரும்பாலும் இசைத்தட்டின் வட்டத்தாளில், பாடல் தலைப்புக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் இருந்தார்கள்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. ராக் இசைக்குள் யூதத் தொழுகைக்கூடத்தின் மெட்டுகளைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புவார்கள். 'இவரும் யூதர், அவரும் யூதர்' என்று பட்டியல் போடுவதிலும் எனக்கு ஆர்வமில்லை. பெருமைக்காகப் போடப்படும் பட்டியலும் வெறுப்புக்காகப் போடப்படும் பட்டியலும் பல சமயம் ஒன்றுபோலவே இருக்கும். என் ஆர்வமெல்லாம் இவர்கள் அந்த நடுவிடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள், அங்கே தங்கள் பெயரை என்ன செய்தார்கள் என்பதில்தான்.

லீபரின் பெற்றோர் போலந்திலிருந்து குடியேறியவர்கள். தந்தை இளமையிலேயே இறந்துவிட, தாய் பால்டிமோரில் கறுப்பினத்தவர் குடியிருப்பின் விளிம்பில் மளிகைக்கடை நடத்தினார். வீடு வீடாக மண்ணெண்ணெயும் நிலக்கரியும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை சிறுவன் லீபருக்கு. அந்த வீடுகளின் வானொலிகளில் கேட்டதுதான் அவனுடைய இசைக்கல்வி. நியூயார்க்கில் வளர்ந்த ஸ்டோலரோ, வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் கலந்து தங்கிய ஒரு கோடைக்கால முகாமில் பூகி-வூகி பியானோவைக் கேட்டு மயங்கியவர். பின்னர் ஜேம்ஸ் பி. ஜான்சன் என்ற ஹார்லெம் பியானோ மேதையிடமே சில பாடங்கள் கற்றார். இருவரும் சந்தித்தது 1950இல், லாஸ் ஏஞ்சலஸில், பதினேழாவது வயதில். பாட்டெழுதுவதில் ஸ்டோலருக்கு முதலில் விருப்பமில்லை. லீபரின் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டியபோதுதான், ஒரு வரி, 'மேற்படி' என்ற குறி, பிறகு எதுகைபோல் முடியும் இன்னொரு வரி என்ற வடிவத்தைக் கண்டு, இவை பன்னிரண்டு பார் ப்ளூஸ் பாடல்கள் என்று உணர்ந்து சம்மதித்தாராம். அந்த 'மேற்படி' குறியை நான் மிகவும் ரசிக்கிறேன். வேறொரு சமூகத்தின் மூச்சு விடும் முறையை அந்தப் பையன் இலக்கணமாகவே கற்றுவைத்திருந்தான் என்பதற்கு அது சாட்சி.

1952 ஆகஸ்டில் தார்ன்டனை நேரில் பார்த்துவிட்டு, சில நிமிடங்களில் அவர்கள் எழுதிய பாடல்தான் 'ஹவுண்ட் டாக்'. மறு ஆண்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் வரிசையில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டால் தனக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஐந்நூறு டாலர் காசோலை என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னார். எழுதியவர்களுக்கு வந்த ஆயிரத்து இருநூறு டாலர் காசோலையோ வங்கியிலிருந்து பணமில்லாமல் திரும்பியது. இசைத்தட்டு நிறுவனத்தின் உரிமையாளர் டான் ரோபி ஒரு கறுப்பினத்தவர் என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும்; ஏமாற்றுவதற்கு நிறம் தடையாக இருந்ததில்லை. ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை. எல்விஸ் அதே பாட்டைப் பாடி இலட்சக்கணக்கில் விற்றபோது எழுதியவர்களுக்கு உரிமத்தொகை வந்தது, தார்ன்டனுக்கு ஒன்றுமில்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டை எழுதியவரையும் பதிப்பித்தவரையும்தான் உடைமையாளராகக் கருதியது. அவர் தன் குரலால் அந்தப் பாட்டுக்குள் கொண்டுவந்த உறுமல், இழுவை, எள்ளல் எதற்கும் சட்டத்தில் இடமில்லை. லீபரும் ஸ்டோலரும் இதில் குற்றவாளிகள் அல்லர். ஆனால் அந்தச் சட்டத்தின் பயனாளிகள்.

சிகாகோவில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. லெனார்ட் செஸ், ஃபில் செஸ் என்று நாம் அறியும் சகோதரர்கள் பிறந்தது இன்று பெலாரூஸில் இருக்கும் மோட்டல் என்ற சிற்றூரில். இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரான ஹாயிம் வைஸ்மன் பிறந்த அதே ஊர். 1928இல் சிகாகோ வந்தபோது அவர்களுடைய குடும்பப் பெயர் சிஷ். முதலில் பழைய பொருட்கள் வியாபாரம், பிறகு கறுப்பினத்தவர் பகுதியில் மதுக்கடை, அதன்பின் மக்கோம்பா என்ற இரவு விடுதி. அங்கே பாட வந்தவர்களைக் கேட்டே இசைத்தட்டுத் தொழிலுக்குள் நுழைந்தார்கள். பெரிய நிறுவனங்கள் கறுப்பினத்தவர் இசையை இரண்டாந்தரச் சரக்காகக் கருதி ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. முதலீடு குறைவு, கௌரவம் அதைவிடக் குறைவு. அதனாலேயே கௌரவமான தொழில்களின் கதவு எளிதில் திறக்காத குடியேறிகளுக்கு அங்கே இடமிருந்தது. அந்த இசைக்கு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்ற பெயரைச் சூட்டியவரும் ஒரு யூதரே. 1949இல் பில்போர்டு இதழில் வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர், அதுவரை வழக்கிலிருந்த 'இன இசைத்தட்டுகள்' என்ற அருவருப்பான சொல்லுக்கு மாற்றாக அதை முன்வைத்தார்.

1950இல் செஸ் என்ற பெயரோடு தொடங்கிய நிறுவனத்தின் முதல் வெளியீடுகளில் ஒன்று மட்டி வாட்டர்ஸின் 'ரோலின் ஸ்டோன்'. லண்டனில் சில பையன்கள் தங்கள் குழுவுக்கு அந்தத் தலைப்பைப் பெயராக எடுத்துக்கொண்டு, 1964இல் யாத்திரை வருவதுபோல் செஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே வந்து பாடிப் பதிவு செய்தார்கள். 1955இல் சக் பெர்ரியின் 'மேபெலீன்' வெளிவந்தபோது, எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள் இருந்தன. பெர்ரியைத் தவிர்த்த மற்ற இருவரில் ஒருவர் வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட். பாட்டை ஒலிபரப்புவதற்கான கைம்மாறு அது. இன்னொருவர் செஸ் நிறுவனம் இருந்த கட்டடத்தின் உரிமையாளர் என்று சொல்லப்படுகிறது. அவ்விரு பெயர்களும் 1986இல்தான் நீக்கப்பட்டன. மட்டி வாட்டர்ஸும் வில்லி டிக்சனும், செஸ் சகோதரர்கள் பங்குதாரர்களாகத் தொடங்கிய ஆர்க் மியூசிக் என்ற பதிப்பகத்தின்மீது 1976இல் வழக்குத் தொடுத்தார்கள்; சமரசத்தில் முடிந்தது. சுரண்டினார்களா, வளர்த்தார்களா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கேட்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்காமலிருப்பதே மேல். செஸ் இல்லையென்றால் அந்தக் குரல்கள் அவ்வாறு பதிவாகியிருக்க வாய்ப்பில்லை. பதிவான குரல்களுக்கு உரிய கூலி கிடைக்கவுமில்லை.

நியூயார்க்கின் பிராட்வேயில், பியானோவும் மேசையும் மட்டுமே கொள்ளும் சிற்றறைகளில் அமர்ந்து அலுவலகம் போவதுபோல் பாட்டெழுதிய தலைமுறையைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். கரோல் க்ளைன் அங்கே கரோல் கிங் ஆனார். போலியோவால் ஊன்றுகோலோடு நடந்த ஜெரோம் ஃபெல்டர், ப்ளூஸ் பாடுவதற்காக டாக் போமஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார். தன் திருமணத்தில் மனைவி பிறரோடு நடனமாடுவதை நாற்காலியில் அமர்ந்து பார்த்திருந்த நினைவிலிருந்து ஒரு பாட்டெழுதி, 1960இல் ட்ரிஃப்டர்ஸ் என்ற கறுப்பினக் குழுவுக்குக் கொடுத்தார். அந்தப் பாட்டைக் காதலின் உற்சாகமாக மட்டும் கேட்டவர்கள் இதை அறிந்தபின் மறுபடி ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம்.

பெயர் மாற்றத்தில் எல்லோரும் அறிந்த உதாரணம் பாப் டிலன். ஒடெஸாவில் யூதர்மீது நடந்த கொலைவெறித் தாக்குதல்களுக்குப் பின் அமெரிக்கா வந்த ஸிம்மர்மன் குடும்பத்தின் பேரன். 1962இல் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார். மறு ஆண்டு நியூஸ்வீக் இதழ் பழைய பெயரை வெளியிட்டபோது கடுங்கோபம் கொண்டார். ஆனால் எனக்கு டிலனைவிட அவரருகே நின்ற கிட்டார் கலைஞர்மீதே பரிவு அதிகம். சிகாகோவின் செல்வந்த யூதக் குடும்பத்தில் பிறந்த மைக் ப்ளூம்ஃபீல்ட், பள்ளிப் பருவத்திலேயே நகரின் தென்பகுதி விடுதிகளுக்குச் சென்று மட்டி வாட்டர்ஸ் போன்றோரிடம் நேரடியாகக் கற்றவர். 1965 ஜூனில் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' ஒலிப்பதிவுக்கு அவர் வந்திருந்தார். கிட்டாரோடு வந்த ஆல் கூப்பர் என்ற இளைஞர், ப்ளூம்ஃபீல்ட் வாசித்துப் பார்த்ததைக் கேட்டதும் தன் கிட்டாரை உறைக்குள் வைத்துவிட்டு, அனுமதியில்லாமலே ஆர்கன் முன் போய் உட்கார்ந்துவிட்டார். இன்று அந்தப் பாட்டை நினைத்தால் முதலில் காதில் விழுவது அந்த ஆர்கன்தான். ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில், கூச்சலுக்கிடையே டிலன் மின்கிட்டாருடன் பாடியபோது உடனிருந்தவர்களும் இவர்களே. கூப்பரின் குடும்பப் பெயரும் முன்பு கூப்பர்ஷ்மிட்.

பில் கிரஹாமின் பெயர் மாற்றம் வேறு வகையானது. 1931இல் பெர்லினில் பிறந்தபோது அவர் பெயர் வுல்ஃப் கிராயோங்கா. தந்தை அவர் பிறந்த சில நாட்களிலேயே இறந்தார். நாஜி ஆட்சியில் தாய் அவரை அநாதை இல்லத்தில் சேர்த்தார். அங்கிருந்து 1939இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். ஜெர்மானியப் படை பின்தொடர, குழந்தைகள் கூட்டமாக ஐரோப்பாவைக் கடந்து 1941இல் நியூயார்க் சேர்ந்தார்கள். தாயும் கூட வந்த அக்காவும் பிழைக்கவில்லை. ஜெர்மன் உச்சரிப்புக்காகப் பிற சிறுவர்கள் துரத்தியதால், அதைச் சில மாதங்களில் நாவிலிருந்து துடைத்தெறிந்தார். கிரஹாம் என்பது தொலைபேசிப் புத்தகத்தில் தன் குடும்பப் பெயருக்கு அருகில் இருந்ததைப் பார்த்து எடுத்துக்கொண்டது.

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கை அறுபதுகளின் ராக் இசைக்குத் தலைநகராக்கியவர் அவர். பி.பி. கிங்கை அழைக்கச் சொல்லி வற்புறுத்தியவர் ப்ளூம்ஃபீல்ட். 1967இல் நீண்ட முடி வைத்த வெள்ளை இளைஞர் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியபோது, பல ஆண்டுகளாகக் கறுப்பினத்தவருக்கு மட்டுமே பாடிவந்த கிங் மேடையிலேயே அழுதுவிட்டார்.

1985இல் அமெரிக்க அதிபர் ரேகன், ஜெர்மனியின் பிட்பர்க் நகரில் நாஜி எஸ்.எஸ். படையினரும் புதைக்கப்பட்டிருந்த போர்க்கல்லறைக்கு மரியாதை செலுத்தப்போவதாக அறிவித்தார். கிரஹாம் அதை எதிர்த்துத் தன் பெயரில் நாளிதழில் விளம்பரம் வெளியிட்டார். அந்த மே மாதத்தில் அவருடைய அலுவலகத்தின்மீது தீக்குண்டு வீசப்பட்டது. அரிய சுவரொட்டிகளும் ஆவணங்களும் எரிந்துபோயின. தொலைபேசிப் புத்தகத்துப் பெயர் எதையும் மறைக்கவில்லை.

அதே பிட்பர்க் இன்னொரு குழுவையும் பிளந்தது. நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் 1974இல் தொடங்கிய ரமோன்ஸ் குழுவினர், சகோதரர்கள் அல்லாதபோதும் அனைவருமே ரமோன் என்று குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள். பாடகர் ஜோயி ரமோனின் இயற்பெயர் ஜெஃப்ரி ஹைமன். தாளக்கலைஞர் டாமி ரமோன், புடாபெஸ்டில் பிறந்த டமாஷ் எர்டேலி. அவர் பெற்றோர் யூத இன அழிப்பிலிருந்து உயிர்தப்பியவர்கள். 1976இல் வந்த முதல் இசைத்தொகுப்பில் நாஜிச் சொற்களைக் கிண்டலாக எடுத்தாண்டிருந்தார்கள். தொடக்கப் பாடலின் தலைப்பிலேயே ஹிட்லரின் மின்னல்வேகப் போர்முறை இருக்கிறது. அந்தப் பாட்டைப் பெரும்பாலும் எழுதியவர் டாமிதான். இது துணிச்சலா, மரத்துப்போதலா, கொலைகாரர்களின் சொல்லைக் கேலிப்பொருளாக்கும் பழிவாங்கலா என்று நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். மூன்றும் கலந்ததென்றே நினைக்கிறேன். ஆனால் ரேகன் பிட்பர்க் சென்றபோது கிண்டல் நின்றது. ஜோயி அதைக் கண்டித்துப் பாட்டெழுதினார். ரேகனின் தீவிர ஆதரவாளரான கிட்டார் கலைஞர் ஜானி ரமோன் எதிர்த்ததால், 1986இன் இசைத்தொகுப்பில் வேறு தலைப்பு முன்னால் வைக்கப்பட்டு, பிட்பர்க் அடைப்புக்குறிக்குள் போனது.

பெயரை மாற்றாதவர் ஒருவரும் உண்டு. மான்ட்ரியாலின் ஷார் ஹஷோமாயிம் தொழுகைக்கூடத்துக்குப் பாட்டனும் முப்பாட்டனும் தலைவர்களாக இருந்த குடும்பத்தில் பிறந்த லெனார்ட் கோஹன். கோஹன் என்றால் எபிரேய மொழியில் பூசாரி. முப்பது வயதைக் கடந்து, கவிஞராகவும் நாவலாசிரியராகவும் அறியப்பட்ட பிறகு இசைக்கு வந்ததால், வேறொருவராக ஆகவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை போலும். யூதப் புத்தாண்டு நாட்களில், வரும் ஆண்டில் யார் எவ்விதம் இறப்பார் என்று கேட்கும் பழைய பிரார்த்தனையிலிருந்து 1974இல் ஒரு பாட்டை எடுத்தார். 2016 அக்டோபரில், தன் வாழ்நாளில் கடைசியாக வெளியான இசைத்தொகுப்பில், அதே தொழுகைக்கூடத்தின் பாடகரையும் பாடற்குழுவையும் தன்னோடு பாடவைத்தார். தலைப்புப் பாடலில் 'இதோ இருக்கிறேன்' என்று பொருள்படும் எபிரேயச் சொல்லை அந்தப் பாடகரின் குரலில் கேட்கலாம். நவம்பர் 7ஆம் தேதி கோஹன் இறந்தார். மான்ட்ரியாலில், குடும்பக் கல்லறையில் பெற்றோரின் அருகே அடக்கம் செய்தார்கள். உலகம் செய்தியை அறிந்தது அடக்கம் முடிந்த பிறகுதான்.